எங்கள் வீட்டுப் பாயில் ஐந்து கட்சி

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நிறைய செருப்பு கிடந்தால், அது சாவு வீடாக இருக்கும், இல்லையென்றால் அன்பியம் நடக்கும் வீடாக இருக்கும். வேறு காரணம் கிடையாது. எங்கள் பங்குக் கோயிலில் பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு சாயங்காலம் கூடி ஜெபம் சொல்வோம். எங்கள் வீட்டில் முன் அறை கொஞ்சம் பெரியது என்பதால் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் நடக்கும்.

அன்பியத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் நற்செய்தி வாசகம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அதன் பிறகு சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வரிசையாக ஆளுக்கு ஒரு மன்றாட்டு சொல்ல வேண்டும். ஒவ்வொன்று முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். சொல்கிறவர் தன் வீட்டுக் குறையை மட்டும்தான் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்கிறவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தியும் சொல்லக் கூடாது. எங்கள் பொறுப்பாளர் அக்கா இதில் மிகவும் கண்டிப்பு. மருமகளைப் பற்றி மன்றாட ஆரம்பிக்கிற மாமியார்களை அவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

அந்த வருடம் என்னுடைய மன்றாட்டு ஒன்றேதான். என் மகள் மாதவரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் பத்தாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் அதற்கும் முன்பே நின்றவர். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் கல்லூரிப் படியை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். திருவொற்றியூரில் ஏறி மணலி வழியாகப் போகிற பஸ்தான் அவளுக்கு. அந்தச் சாலையில் காலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் யார்டுக்குள் போகவும் வரவும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். அவை நின்றால் பஸ்ஸும் நிற்கும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் முதல் வகுப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, வருகைப் பதிவு குறைந்துகொண்டே போகிறது, இப்படியே போனால் இந்த முறை பரீட்சை எழுத விட மாட்டார்கள், ஒரு வருடம் போய்விடும் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

என் அண்ணன், "ஸ்கூட்டி வாங்கிக் குடேன்" என்றான். என் வீட்டுக்காரர் உடனே மறுத்துவிட்டார். "அந்த ரோட்டுல வண்டி ஓட்றவன் நானு. எம்பொண்ணு ஸ்கூட்டில பக்கத்துல வந்தா என் கண்ணாடில தெரிய மாட்டா. நானே ஏத்திட்டுப் போய்டுவேன். தெரிதா?"

ஆமாம், அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். மகளுடைய பஸ் எந்த வரிசைக்குப் பின்னால் சிக்கி நிற்கிறதோ, அந்த வரிசையில் முன்னால் எங்கேயோ அவருடைய வண்டியும் நிற்கும். இதை நாங்கள் வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு சின்னப் பெண். மீன் மார்க்கெட்டில் அவள் அம்மாவிடம்தான் நான் எப்போதும் சங்கரா வாங்குவேன். காலேஜ் முடித்த கையோடு தேர்தலில் நின்றாள். சின்னப் புள்ளைக்கு இன்னா தெரியும் என்று சிரித்தவர்களே பிறகு ஓட்டும் போட்டார்கள். ஒரு நாள் மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"யக்கா, உங்க வூட்ல ஒரு நாள் சாயந்திரம் உக்காந்து பேசிக்கவா? நாங்க ஒரு அஞ்சு பேரு."

"யாரு அஞ்சு பேரு?"

"எல்லாம் கவுன்சிலருங்கதான்க்கா. என்ன மாதிரி சின்ன வயசு. ஆனா அஞ்சு பேரும் அஞ்சு கட்சி."

"ஏன், உங்க கட்சி ஆபீசு இன்னா ஆச்சி?"

"எங்க ஆபீசுக்கு அவங்க வந்தா அவங்க மாவட்டம் அவங்கள வூட்டுக்கு அனுப்பிடும். அவங்க ஆபீசுக்கு நான் போனா எங்க மாவட்டம் என்ன அனுப்பிடும்."

கட்சிக்காரர்கள் மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். ஏதோ ஒரு ஊரே கிளம்பி வந்து திட்டப் போகிற மாதிரி இருக்கும்.

"டீக்கடைல உக்காந்து பேசுறதுதானே?"

"டீ வர்றதுக்கு முன்னாலயே போட்டோ பூடும்க்கா. உங்க வூட்டு வாசல்ல செருப்பு கெடந்தா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க. அன்பியம்னு நெனச்சிப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் அன்பியம், நீங்கள் வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். என்ன பேசப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் உட்கார இடம் கேட்கிறார்கள், கொடுப்போம் என்று மட்டும் நினைத்தேன்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். அதனால் எல்லா அன்பியமும் ஒரு நாள் முன்னதாக நடக்கும் என்று ஞாயிறு பூசையில் அறிவித்திருக்கிறார்கள். நான் அப்போது வெளியே மாதா சுரூபம் வைத்த கெபியில் மகளுக்காக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து பேரும் வந்தார்கள். எங்கள் வார்டுப் பெண். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண். போனை அடிக்கடி அமர்த்திக்கொண்டே இருந்த இன்னொரு பையன். நிறைமாதமாக இருந்த ஒரு பெண். அவளுக்கு இருந்த ஒரே நாற்காலியைப் போட்டேன். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தேர்தல் சமயத்தில் இவர்களுடைய ஆட்கள் ஒருவர் போஸ்டர் மேல் ஒருவர் சாணி அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, யாருடைய போனில் சார்ஜ் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பேச்சை ஆரம்பிப்பதற்குள் வாசலில் பொறுப்பாளர் அக்காவின் குரல் கேட்டது. அவருக்குப் பின்னால் மொத்த அன்பியமும் நின்றது. நான் வாசலுக்கு ஓடுவதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டார்.

"கவுன்சிலரம்மா, நீயுமா? வா வா. இவங்கெல்லாம் உன் கூட்டாளிங்களா? ஆண்டவருக்குத் தோத்திரம். உக்காருங்க, உக்காருங்க. ஜெபத்துக்கு வந்தவங்கள நாங்க அனுப்ப மாட்டோம்."

வார்டுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஐந்து கட்சியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஜெபமாலையோடு வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார். வாசகம் நடந்தது. மௌனம் நடந்தது. மன்றாட்டு சுற்றி வந்து வெள்ளைச் சட்டைப் பையனிடம் நின்றது.

அவன் சட்டென்று எழுந்து நின்று கை கூப்பினான். "மாண்புமிகு மேயர் அவர்களே" என்று ஆரம்பித்தான்.

பொறுப்பாளர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "மேயரு இங்க இல்ல நைனா. அவருக்கும் மேல இருக்கறவரு கீறாரு. உக்காந்துகினே சொல்லு, கேப்பாரு."

பையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. உட்கார்ந்தான். எங்கள் தலைவர் வழியில் என்று மறுபடி எடுத்தான். அக்கா கையைத் தூக்கினார். "உங்க வூட்டுக் குறை மட்டும்."

அதன் பிறகு மெதுவாகப் பேசினான். தன் தங்கை பன்னிரண்டாவது படிக்கிறாள், பஸ் நகராததால் பாதி வழியில் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நடந்து போகிறாள், அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து யார் போனிலாவது சொல்லும் வரைக்கும் அவன் அம்மா அடுப்பு பற்ற வைப்பதில்லை. அவ்வளவுதான் சொன்னான். நாங்கள் எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம்.

அடுத்தது ஹெல்மெட் பெண். அவள் தெருவில் காலேஜை விட்டு நின்றுபோன தோழியைச் சொல்ல வந்தவள், அக்காவைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கே வந்தாள். தானே ஒரு பரீட்சையைத் தவறவிட்டதைச் சொன்னாள். அதே சாலை. அதற்கடுத்த பையனும் அதே சாலை. நிறைமாதப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செக்கப்புக்கும் அதே சாலையில் நிற்பதைச் சொன்னாள். அந்த ஐந்து பேரில் எங்கள் வார்டுப் பெண் கடைசி. அந்தச் சாலைக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது; ஆனாலும் அவரவர் வீட்டுக் கதையை அவர்கள் இதற்கு முன் பேசிக்கொண்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் குரல் கூடிக்கொண்டே போனது.

அதற்கு அடுத்து என் மகள். அன்பியத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. எப்போதும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன் என்று கடந்துவிடுவாள். அன்றைக்குச் சொன்னாள். "நான் முதல் வகுப்புக்குப் போகணும். பரீட்சை எழுதணும்."

எல்லோரும் பதில் சொன்னோம். என் வீட்டுக்காரர் குரல் மட்டும் அதில் இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொன்னவளுக்கு அது தெரியாமல் போகாது.

சுண்டலும் டீயும் முடிந்து அன்பியம் கலைந்தது. ஐந்து பேரும் தங்கினார்கள். என் வீட்டுக்காரரும் எழுந்து போகவில்லை.

"இன்னாம்மா, காலைல வண்டிய நிறுத்தச் சொல்லப் போறியா?"

வார்டுப் பெண் மறைக்கவில்லை. "பசங்க போற ரெண்டு மணி நேரம் மட்டும்தாண்ணா. யார்டுக்குள்ளயே நிக்கட்டும். ரோட்டுக்கு வர வேணாம்."

"அந்த ரெண்டு மணி நேரத்துலதான் எனக்கு ஒரு நடை. அது போனா பேட்டா போச்சி. அத ஓனரு குடுப்பாரா, உங்க மாவட்டம் குடுக்குமா?"

"யாரும் குடுக்க மாட்டாங்கண்ணா. உங்க வூட்ல உக்காந்துகினு பொய் சொல்ல மாட்டேன்."

இவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அப்போது வெள்ளைச் சட்டை சொன்னான்: "எங்க அப்பாவும் டிரெய்லர்தாண்ணா. நான் இத எடுத்ததுல இருந்து அவரு என்கிட்ட பேசறதில்ல. சோறு போடும்போது கூட அம்மாகிட்ட சொல்லித்தான் என்ன கூப்புட்றாரு."

இவர் அவனையே பார்த்தார். "சுண்டல் சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றான். "இன்னும் கொஞ்சம் சாப்புடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் அவர்களுக்கு மறுபடி டீ ஊற்றிக் கொடுத்தபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது. ஹெல்மெட் பெண் ஆரம்பித்தாள். "இதே மாதிரி கார்ப்பரேஷன் மன்றத்துல பேசிட்டா இன்னா?"

"எந்த மாதிரி?"

"இப்ப பேசினோமே, இந்த மாதிரி. நமக்குக் குடுக்கறதே ரெண்டு நிமிஷம். அதுல பாதி தலைவருக்கு வணக்கம் சொல்லவே பூடுது. மீதி பாதி அந்தப் பக்கம் கத்தறதுல பூடுது. தலைவர் பேரு வேணாம். எதிர்க் கட்சி பேரும் வேணாம். அவங்கவங்க வூட்டுக் குறை மட்டும். முடிக்கும்போது அஞ்சு பேரும் ஒரே வரி."

"எங்க ஆளுங்க என்ன உயிரோட விட மாட்டாங்க" என்றான் போன் பையன்.

"என்ன மட்டும் மாலை போட்டு கூப்புடுவாங்களா?" என்றாள் வார்டுப் பெண். பேசிக்கொண்டே தன் டம்ளரில் இருந்த டீயில் பாதியை வெள்ளைச் சட்டையின் டம்ளரில் ஊற்றினாள். அவனும் வாங்கிக் குடித்தான்.

நாங்கள் வருடக்கணக்காக அந்தப் பாயில் உட்கார்ந்து மன்றாடுகிறோம். அது எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டி ஒரு சபைக்குள் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தவறுதலாக வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் தோன்றிவிட்டது. அவர்களில் ஒருவர்கூட எங்கள் வேதத்துக்காரர் இல்லை. ஆண்டவர் யார் வாயில் எதை வைப்பார் என்று நாம் சொல்ல முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகும் காலைகள் மாறவில்லை. என் மகளும் பஸ் நின்றால் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவள் அப்பா மூலமாகத்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், தட்டில் போட்ட சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"காலைல முன் கண்ணாடில ஒரு பொண்ணு தெரிஞ்சிச்சி" என்றார். "பைய இப்டி அணைச்சிகினு, என் வண்டிக்கும் முன்னாடி வண்டிக்கும் நடுவுல பூந்து போவுது. யாரு பெத்த புள்ளயோ, இப்டியா போவும்னு ஆரன்ல கைய வச்சேன். திரும்பிச்சி."

என் மகள் உள்ளறையில் புத்தகத்தைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மன்றக் கூட்டத்துக்கு எங்களுக்குப் பார்வையாளர் அனுமதி வாங்கிக் கொடுத்தாள் வார்டுப் பெண். நானும் மகளும் போவதாக இருந்தது. காலையில் பார்த்தால் இவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். வேலைக்குப் போகலையா என்று நான் கேட்கவில்லை. மூன்று பேரும் மாடத்தில் போய் உட்கார்ந்தோம். அவ்வளவு உயரமான கூரையை நான் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சத்தம் போடக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும் என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார். கீழே பார்த்தால் பெரியவர்கள் நிறைய பேர், சத்தமும் நிறைய. எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் ஐந்து மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பாயில் பார்த்தவர்களை அப்படித் தனித்தனியாகப் பார்த்ததும் நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வார்டுப் பெண் முதலில் எழுந்தாள். தலைவர் பேரைச் சொல்லாமல் ஆரம்பித்ததும் அவளுடைய கட்சிப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. மீன் கூடையோடு அதிகாலையில் அந்தச் சாலையைக் கடக்கிற அம்மாவையும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன தன்னையும் சொன்னாள். கடைசியில், "எங்கள் பிள்ளைகள் போகும் நேரத்தில் அந்தச் சாலையை எங்களுக்குத் தாருங்கள்" என்று முடித்து உட்கார்ந்தாள்.

வெள்ளைச் சட்டை எழுந்தபோது எதிர்ப் பக்கத்தில் பழக்கத்தில் சத்தம் கிளம்பியது. அவன் தங்கையைப் பற்றிப் பேசினான். யாரையும் குறை சொல்லவில்லை. எதைப் பிடித்துக் கத்துவது என்று தெரியாமல் சத்தம் அப்படியே தேய்ந்தது. அவனும் அதே வரியில் முடித்தான். ஹெல்மெட் பெண் எழுந்தாள், போன் பையன் எழுந்தான். மூன்றாவது முறை அதே வரி வந்தபோது மேயர் காகிதத்தில் இருந்து தலையைத் தூக்கிவிட்டார். நிறைமாதப் பெண்ணை உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இது பொறந்து பள்ளிக்கூடம் போகும்போதும் நான் இதையே கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது" என்றாள். பிறகு அந்த வரியைச் சொன்னாள். மன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

என் வீட்டுக்காரர்தான். கண் மூடியிருந்தது. அவருடைய ஒரு நடையும் அந்த மன்றாட்டுக்குள்தான் இருந்தது. அது தெரிந்துதான் சொன்னார்.

காவலர் எட்டிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, பேசக் கூடாதுன்னு சொன்னேனே."

"பேசலைங்க. ஜெபம்" என்றார்.

மேயர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. காவல் துறையிடம் கேட்டு முதலில் சோதனையாக நடத்திப் பார்ப்பது என்று முடிவானதாக மகள் காதில் சொன்னாள். வெளியே வந்தபோது ஐந்து பேரும் வெவ்வேறு பக்கமாகப் போனார்கள். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே வெள்ளைச் சட்டையை அவர்கள் மாவட்டம் கூப்பிட்டு நிற்க வைத்துத் திட்டியதாம். எங்கள் வார்டுப் பெண்ணை அடுத்த பொதுக்கூட்டத்தில் மேடையில் ஏற்றவில்லை. கேட்டதற்கு, "கீழ உக்காந்தா காத்து நல்லா வருதுக்கா" என்று சிரித்தாள். அதற்கு அடுத்த மாதம், எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு ராத்திரி திறந்திருக்கிற ஒரு படிப்பகம் வேண்டும் என்று பேச ஐந்து பேரும் மறுபடி எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலியில் இந்த முறை கைக்குழந்தையோடு.

சாலையில் சோதனை ஆரம்பித்த பிறகும் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. சில நாள் போலீஸ் இருக்க மாட்டார், டிரெய்லர்கள் வந்துவிடும். ஆனாலும் பெரும்பாலான காலைகளில் பஸ் போனது. மகள் முதல் வகுப்பில் உட்கார்ந்தாள். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்த அன்றைக்கு அதை வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பைக்குள் எடுத்து வைத்தாள். இவருக்குப் போன நடை போனதுதான். ஞாயிற்றுக்கிழமை கறி, இரண்டு ஞாயிறுக்கு ஒரு முறை என்றாகியது.

பரீட்சை தொடங்கிய அன்று நான் அவளோடு பஸ்ஸில் போனேன். யார்டு வாசலுக்கு உள்ளே டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது வண்டி இவருடையது. இஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மகள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அவர் ஆட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எப்படிச் செய்வாரோ, அப்படியே அந்தப் பஸ் தன்னைக் கடந்தபோது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கேட்டேன். "ஏங்க, பஸ்ஸுக்கெல்லாமா சிலுவை போட்றீங்க?"

"கம்முனு சோத்த போடு" என்றார்.